காயில் வண்டியில் பிரேக் டெஸ்ட்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அது தப்பு. மூக்குக்கு மேலே இருந்தால் என் கண்ணிலாவது பட்டிருக்கும். என்னுடைய கோபம் கையில் இருந்தது. அது கிளம்பிப் போய் எதிராளியின் கன்னத்தில் விழுந்த பிறகுதான் எனக்கே தகவல் வரும்.

ஒரகடத்தில் முதல் வேலை அப்படித்தான் போனது. கார் கதவு பொருத்தும் லைனில் இருந்தேன். ஒரு நாள் ஓ.டி. பார்க்க முடியாது என்று சொன்னதற்கு சூப்பர்வைசர் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவன் மூக்கில் ரத்தம் வழியத் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான், நான் அடித்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. செக்யூரிட்டிகள் நான்கு பேர் என்னைக் கேட் வரைக்கும் மரியாதையாக அழைத்து வந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் கீழே தள்ளி மிதித்தார்கள். உள்ளே கேமரா இருந்தது, வெளியே இல்லை.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம், எல்லாரும் தெக்கத்திப் பையன்கள். நெற்றியில் பிளாஸ்திரியோடு போய் நின்ற என்னைப் பார்த்து அதில் ஒருவன் சொன்னான். “ஏல, நீ மனுசனே இல்லாத வேலையாப் பாருல. இல்லன்னா ஒன்னு நீ சாவ, இல்ல எவனையாவது கொல்லுவ.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மனுசன் குறைவாக இருந்த வேலை, தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் பிரஸ் ஷாப்பில் கிடைத்தது. லாரியில் வரும் காயில்களைக் கிரேனில் தூக்கி இறக்கி வைக்க வேண்டும். காயில் என்பது வேறொன்றுமில்லை. இரும்புத் தகட்டைப் பாய் மாதிரி இறுக்கமாகச் சுருட்டி, நான்கு பட்டை போட்டுக் கட்டியிருப்பார்கள். உயரம் இடுப்பளவுதான். எடையோ ஏழு டன், எட்டு டன். நடுவே ஒரு பெரிய ஓட்டை இருக்கும். லாரியில் அதைச் சக்கரம் நிற்பது போல நிறுத்தி, முன்னும் பின்னும் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, ஓட்டைக்குள் சங்கிலி விட்டு இடதில் ஒன்றும் வலதில் ஒன்றுமாக இழுத்துக் கட்டுவார்கள். சங்கிலியை இறுக்க ஒரு இரும்பு நெம்புகோல் உண்டு. வண்டி ஓடினால் உருளத் தயாராக இருக்கும் சாமானை, உருளாதே என்று கெஞ்சிக் கட்டுகிற கட்டு அது.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் கிரேனை வல்லக்கோட்டைக்குத் திரும்பும் இடத்துக்கு எடுத்து வரச் சொன்னார்கள். எங்களுக்கு லோடு கொண்டு வந்த லாரி நடுரோட்டில் நின்றது. முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்திருக்கிறது, டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றிருக்கிறார். லாரி நின்றுவிட்டது. காயில் நிற்கவில்லை. சங்கிலியை அறுத்து, கட்டையை நசுக்கி, கேபினுக்குப் பின்னால் இருந்த தடுப்பை மடக்கி உள்ளே வந்துவிட்டது. கிரேன் கொக்கியை மாட்டவும், டிரைவரை வெளியே எடுக்கவும் நான்தான் மேலே ஏறினேன். சீட்டும் ஸ்டியரிங்கும் டிரைவரும் சேர்ந்து ஒரு சாண் கனத்தில் இருந்தார்கள். செருப்பு மட்டும் கீழே தனியாகக் கிடந்தது, அது யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கீழே இறங்கி வாந்தி எடுத்தேன். ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவே நல்ல ஒரு முழம் இடைவெளி இருந்ததையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்த டிரான்ஸ்போர்ட்டில் காயில் லோடு ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. என்னிடம் ஹெவி லைசென்ஸ் புதிதாக இருந்தது. ஓட்டுகிறாயா என்று கேட்டார்கள். செத்தவரை இரண்டு கையாலும் தூக்கியவன் நான். ஆனாலும் சரி என்றேன். லாரி கேபினில் தனியாக உட்கார்ந்தால் என் கைக்கு அடிக்க ஆள் கிடைக்காது என்று நினைத்தேன். அந்தச் சீட் எனக்கு வேலை மட்டுமில்லை. அறையில் அந்தப் பையன் விளையாட்டாகச் சொன்ன பேச்சு பலித்துவிடாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

இரண்டு வாரம் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு தனியாக அனுப்பினார்கள். தண்டலம் பக்கம் காயில் வெட்டும் யார்டில் ஏற்றி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, ஒரகடத்தில் இறக்க வேண்டும். காயில் வண்டி ஓட்டுகிறவன் பிரேக்கை மறந்துவிட வேண்டும். தூரத்தில் ஒரு மாடு தலையைத் திருப்பினால் இங்கேயே கியரைக் குறைக்க வேண்டும். எங்கே நின்றாலும், கிளம்புமுன் இறங்கிப் போய்க் கட்டையைச் சுத்தியலால் ஒரு தட்டு, இரண்டு சங்கிலியையும் ஒரு இறுக்கு. டீ குடிக்க நின்றாலும் அப்படித்தான். இது சட்டப் புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, காயில் ஓட்டுகிறவர்கள் யாரும் தவறவிட மாட்டார்கள்.

முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்தது. கம்பெனி பஸ்கள் உரசிக்கொண்டு போயின. பைக்கில் வந்த ஒருவன் நான் வழி விடவில்லை என்று கல்லை எடுத்து எறிந்தான், பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து சில்லுகள் மடியில் விழுந்தன. நான் இறங்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாம் நாள் செக்கிங்கில் நிறுத்தினார்கள். வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரியை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்தார்கள். முதலுதவிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதற்குள் பழைய ஓனர் வைத்திருந்த ஊறுகாய் பாட்டில் இருந்தது. அதற்கு ஒரு திட்டு, உடைந்த கண்ணாடிக்கு ஒரு திட்டு. அன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். இரவு அறையில் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் மத்தியானம். வெயிலில் தார் மினுங்கியது. ஒரு பஸ் ஸ்டாப் நிழலிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் திடீரென ரோட்டுக்குள் வந்து கையைக் காட்டினார். எனக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி, வெறும் லாரிக்குப் போதும். காயில் லாரிக்குப் போதாது. கால் பிரேக் மேல் போனது, நானே அதைத் திரும்ப இழுத்தேன். ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்து அவரைச் சுற்றிப் போனேன். அவர் பின்னால் குதித்தது கண்ணாடியில் தெரிந்தது. இடது சக்கரங்கள் தாரை விட்டுப் பள்ளமான மண்ணில் இறங்கித் தடதடவென்று ஏறின. கியரைக் குறைத்துக் குறைத்து, ரொம்ப தூரம் தள்ளி வண்டியை நிறுத்தினேன். நானாகத்தான் நிறுத்தினேன். அதைப் பிற்பாடு யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜீப் வந்து குறுக்கே நின்றது. கூட வந்த கான்ஸ்டபிள் கதவைத் திறந்து, என் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்தார். முழங்கால் ரோட்டில் மோதியது.

“இன்னாடா, ஆபீசர் மேலயே வண்டிய ஏத்தப் பாக்கறியா? கஸ்மாலம்! எங்க ஓடுற?”

“ஓடல சார். காயில் லோடு சார். சட்டுனு பிரேக் போட்டா முன்னாடி வந்துரும் சார்.”

அதற்குள், ரோட்டில் கை காட்டிய பிரேக் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். முகமெல்லாம் வியர்வை, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. சாவைப் பக்கத்தில் பார்த்த நடுக்கம் அது என்று இன்று புரிகிறது. அன்று அவர் கை வந்ததுதான் தெரிந்தது. அறை காதில் விழுந்து உள்ளே ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம் நின்றது.

“பிரேக் இல்லாத வண்டிய வெச்சிக்கினு கதை சொல்றான் பாரு.”

“பிரேக் இருக்கு சார். போடக் கூடாதுன்னுதான்...”

இரண்டாவது அறை. உதடு பல்லில் கிழிந்து வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. எதிர்ப்பக்கம் ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். என் கை வழக்கம்போலக் கிளம்பியது. அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடித்தால் லைசென்ஸ் போகும், சீட் போகும், ஜெயிலும் வரும்.

“நான் உள்ள குந்திக்கிறேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். “நீ ஓட்டு. முப்பதுல போ. நான் சொல்றப்ப முழு பிரேக் போடு. நிக்குதா இல்லியான்னு பாத்துடலாம்.”

வேண்டாம் சார் என்று சொல்ல வேண்டும். வல்லக்கோட்டைத் திருப்பத்தில் நான் தூக்கியதைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் கை திரும்பவும் உயர்ந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்புமுன் இறங்கிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறதே, அதற்காக லாரியைச் சுற்றிப் பின்னால் போனேன். அவர்கள் தடுக்கவில்லை. கட்டைகள் சரியாக இருந்தன. வலது சங்கிலி விறைப்பாக இருந்தது. இடது சங்கிலி, மண்ணில் இறங்கி ஏறிய குலுக்கலில், தொங்கிப் போயிருந்தது. நெம்புகோலின் மேல் கையை வைத்தேன். ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இரும்பு வெயிலில் கொதித்தது. இடது பக்கம் தளர்ந்திருந்தால் காயில் வரும்போது இடது பக்கமாகத்தான் வரும். இடது பக்கம் அவர் உட்காரப் போகிற சீட். இதெல்லாம் எனக்கு நிதானமாகத் தோன்றியது. என் கோபம் எப்போதும் எனக்கு முன்னால் ஓடிவிடும். அன்றுதான் முதல் தடவையாக என்னோடு நின்று யோசித்தது.

கையை எடுத்துக்கொண்டேன். இறுக்கவில்லை.

ஏறி உட்கார்ந்தோம். கான்ஸ்டபிள் ஜீப்பில் பின்னால் வந்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். சீட் பெல்ட்டைத் தேடி எடுத்து, இழுத்து, சரியாக மாட்டிக்கொண்டார். “நீயும் போடு,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “பயப்படாத. பிரேக் நல்லா கீதுன்னா கேஸ் எழுத மாட்டேன். வயித்துப் பொழப்புல கை வெக்கிறவன் இல்ல நான்.”

அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். இப்போதாவது நிறுத்து, இறங்கு, இறுக்கு என்று உள்ளே ஏதோ சொன்னது. கன்னம் எரிந்தது. வாயில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது, துப்பவும் முடியவில்லை, விழுங்கினேன். முள் இருபதைத் தாண்டியது. முப்பதைத் தொட்டது. ரோடு காலியாக இருந்தது.

“போடு!” என்றார்.

மெல்லப் போட்டிருக்கலாம். பாதிக் காலால் போட்டிருக்கலாம். அவருக்கு என்ன தெரியப் போகிறது? நான் முழுக் காலால் ஏறி மிதித்தேன்.

லாரி அருமையாக நின்றது. ஒரு நொடிக்கு ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு பின்னால் கட்டை முறியும் சத்தம், அதன் மேலேயே சங்கிலி அறுந்து பலகையில் அடித்த சத்தம், அப்புறம் கேபின் முழுவதும் முன்னால் எகிறியது. முன்கண்ணாடி வெளியே பறந்தது. இடது பக்கப் பின்சுவர் உள்ளே புடைத்து வந்து, அவரைச் சீட்டோடு சேர்த்து டாஷ்போர்டில் வைத்து அழுத்தியது. எலும்பு உடைந்த சத்தத்தைக் கேட்டேன். பச்சைக் கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் வரும் சத்தம். வலது சங்கிலி மட்டும் அறாமல் இழுத்துப் பிடித்திருந்தது, அதனால்தான் காயில் அதற்கு மேல் வரவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவர் அலறினார். அந்த அலறல் எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. மூச்சு ஒன்று இழுத்து விடும் நேரம் இருக்கும், அவ்வளவு நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு கதவைத் திறந்து குதித்தேன், கடப்பாரையை எடுத்து வந்து அவர் பக்கக் கதவை நெம்ப ஆரம்பித்தேன். ஜீப்பிலிருந்து ஓடி வந்த கான்ஸ்டபிள் என் முதுகில் லத்தியால் அடித்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள், பைக்கில் போனவர்கள், எதிர்க் கடையில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் என்று கும்பல் சேர்ந்துவிட்டது. விபத்து நடந்த இடத்தில் டிரைவரை அடிக்க யாருக்கும் காரணம் தேவையில்லை. ஒருவன் தலைமுடியைப் பிடித்தான், இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். கீழே விழுந்தேன். யாருடைய செருப்போ என் கழுத்தின் மேல் இருந்தது. நான் கையைத் தூக்கவில்லை. இவர்களாவது என்னைக் கொன்றுவிட்டால் சரியாகப் போய்விடும் என்று தோன்றியது.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. நசுங்கிய கேபினுக்குள்ளிருந்து அவர்தான் கத்தினார்.

“டேய், அவன வுடுங்கடா! அவன் மேல தப்பு இல்ல! போடக் கூடாதுன்னான் அவன். நான்தான் போடச் சொன்னேன்!”

கூட்டம் விலகியது. கழுத்திலிருந்து செருப்பு போனது. அதே ஆட்கள் என்னைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். கடப்பாரையை நானும் பரோட்டாக் கடைக்காரரும் பிடித்து நெம்பி அவரை வெளியே எடுத்தோம். அவர் வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கை ஈரத் துணி மாதிரி தொங்கியது.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து வார்த்தைகளைக் கூட ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். அவர் தோளில் கம்பி வைத்திருந்தார்கள். விலா எலும்பிலும் இரண்டு உடைந்திருந்தது. கை இனி தோளுக்கு மேலே உயராது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அவரே சொன்னார். என்னை அறைந்த கை அதுதான்.

“உன்ன அடிச்சிருக்கக் கூடாதுப்பா,” என்றார். “வண்டி மேல வந்தப்ப உசுரே போயிடுச்சி எனக்கு. அந்த பயத்துல அடிச்சிட்டேன். இத்தினி வருசம் வண்டி பாக்குறேன், காயில்ல பிரேக் டெஸ்ட் எடுக்கலாமா? எனக்குப் புத்தி எங்க போச்சுன்னு தெரியல.”

ஸ்டேஷனிலிருந்து வந்த கான்ஸ்டபிள், அவர் கைப்பட வாக்குமூலம் வேண்டும் என்று தாளைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் கட்டுப்போட்ட கையைக் காட்டிச் சிரித்தார்.

“நான் எங்க எழுதறது? நான் சொல்றேன், நீ எழுது. கையெழுத்து மட்டும் இடது கையால போட்டுர்றேன்.”

பேனாவை வாங்கினேன். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தேதி, இடம், வண்டி. பிரேக் போடக் கூடாது என்று ஓட்டுநர் சொல்லியும் நான் வற்புறுத்தினேன் என்பது வரைக்கும் எழுதினேன். அங்கே அவர் நிறுத்தினார். வண்டிகளைப் பார்த்தே காலம் தள்ளிய ஆள், கேட்காமல் இருப்பாரா?

“கிளம்பறதுக்கு மின்னாடி நீ பின்னால போய்ப் பாத்த இல்ல? சங்கிலி ரெண்டையும் இறுக்கினியா?”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. எழுதுவதற்காகத்தான் கேட்டார். பஸ்ஸில் ஒழுங்குபடுத்திய வார்த்தைகள் எல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகத்தில் இருந்தன. சொன்னால் அது விபத்து இல்லை, வேறு பெயர். அந்தப் பெயரோடு ஒரு கேபினிலும் என்னை ஏற்ற மாட்டார்கள்.

“ரெண்டையும் இறுக்கினேன் சார்.”

“அப்ப எழுதிக்க. ஓட்டுநர் புறப்படும் முன் இரண்டு சங்கிலிகளையும் முறையாக இறுக்கினார். எழுதிட்டியா?”

எழுதினேன். அவர் இடது கையால் குழந்தை எழுதுவது போலக் கோணலாகக் கையெழுத்துப் போட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். தாகமாக இருக்கிறது என்றார். டம்ளரை அவர் வாயருகே பிடித்தேன். அவர் குடித்து முடிக்கும் வரை பிடித்திருந்தேன். என் கை கொஞ்சம்கூட ஆடவில்லை. அதற்கு முன் என் கையைப் பார்த்து நான் அப்படிப் பயந்ததே இல்லை.